மௌனமும் மணலெழுத்தும்

அறிவு எந்த வாயிலால் மனிதனை வந்தடைகின்றது என்னும் வினா மிகப் பழையது. சைவ சித்தாந்த நூல்கள் அதற்குரிய அளவைகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றாக அடக்கிக் கூறும். கண்டு அறிதல் ஒன்று. கண்டதைக்கொண்டு காணாததை ஊகித்து அறிதல் மற்றொன்று. அறிந்தோர் உரைத்த சொல்லை நம்பி அறிதல் மூன்றாவது. இம்மூன்றனுள்ளும் காண்டலே முதலில் வைக்கப்பட்டிருத்தல் ஊன்றி நோக்கத்தக்கது. காய்ச்சலின் குணங்களை ஏட்டில் படித்தவனும் காய்ச்சலை அறிவான். பத்து நாள் காய்ச்சலிற் கிடந்து எழுந்தவனும் காய்ச்சலை அறிவான். ஆயின் இருவர் அறிவும் ஒன்றாகுமா? முன்னவன் மறந்துபோகலாம். பின்னவன் மறப்பதற்கில்லை.

உடம்பின் நோய்க்கே இவ்வாறாயின், உயிரைப் பற்றிய அறிவுக்கு என்ன சொல்லுவது? இவ்வினாவுக்கு விடையாகவே நம் முன்னோர் கல்லால மரத்தடியில் ஓர் ஆசிரியரை அமர்த்தினர். அவருடைய மாணாக்கர் சனகர் முதலிய முனிவர் நால்வர். அவர்கள் கல்லாதவர் அல்லர். வேதம் முழுவதையும் ஓதியவர். ஓதியும் ஐயம் தீராமையினாலேயே அவர்கள் தென்முகக் கடவுளை நாடி வந்தனர். ஆசிரியர் ஒன்றும் பேசவில்லை. கைவிரல்களைச் சின்முத்திரையாகச் சேர்த்து வாளா இருந்தார். மாணாக்கரின் ஐயமும் ஒழிந்தது. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் சிவாலயங்களின் தென்புறச் சுவரில் இக்காட்சியை இன்றும் காணலாம்.

இது புராணக் கதைதானே என்று ஒதுக்குவோர் உண்டு. புராண காலத்தை விடுவோம். புகைவண்டியும் தபாலும் ஆங்கிலப் பள்ளிக்கூடமும் வந்துவிட்ட காலத்தில், திகதியும் ஊரும் சொல்லக்கூடிய முறையில், இதை ஒத்த ஒரு வரலாறு பாண்டி நாட்டிலே தொடங்கி அருணை மலையடியிலே நிறைவெய்தியது. அதுவே இரமண மகரிஷியின் வரலாறு.

வேங்கடராமன் என்னும் இயற்பெயர் பூண்ட அவர் 1879ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 30ஆம் திகதி, திருவாதிரைத் திருநாளையொட்டித் திருச்சுழியிற் பிறந்தார். தந்தையார் சுந்தரமையர் அவ்வூரில் வழக்குப் பேசும் தொழில் செய்தவர். தாயார் அழகம்மை. 1892இல் தந்தையார் காலமானார். அதன்பின் வேங்கடராமனும் தமையன் நாகசுவாமியும் மதுரையிலிருந்த சிறிய தந்தையார் வீட்டுக்கு வந்து சேர்ந்தனர். ஸ்காட் நடுத்தரப் பள்ளியிலும், பின் அமெரிக்கன் மிஷன் உயர்தரப் பள்ளியிலும் அவர் படித்தார். படித்தார் என்பதிலும் போய் வந்தார் என்பதே பொருந்தும். கேட்டதை நினைவில் வைக்கும் ஆற்றல் இருந்தது. பாடத்தில் ஊக்கம் இல்லை. மற்போரும் பந்தாட்டமும் நீச்சலுமே அவர் மனத்தைக் கவர்ந்தன. அவருடைய உறக்கம் மிகப் பெரிது. உறங்கும்போது தோழர்கள் தூக்கிச்சென்று அடித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து படுக்கவைத்தாலும் அவருக்குத் தெரியாதாம். ஞானி ஒருவர் தோன்றப்போகின்றார் என்று எவரும் எண்ணுவதற்குரிய அடையாளம் அந்த மாணவனிடம் இருந்ததில்லை.

இரண்டு சிறு நிகழ்ச்சிகள் மட்டும் சொல்லத்தக்கன. 1895ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உறவினர் ஒருவர் மதுரைக்கு வந்திருந்தார். எங்கிருந்து வருகின்றீர்கள் என்று சிறுவன் கேட்டபோது, அருணாசலத்திலிருந்து என்றார். அப்பெயர் ஓர் ஊரைக் குறிக்கும் என்றும், அங்கே மனிதர் போய்வரலாம் என்றும் அன்றுதான் அவர் அறிந்தார். பின்னர்ப் பெரியபுராணம் கைக்கு வந்தது. அடியார் வரலாறுகள் உள்ளத்தை உருக்கின. இவை உரையின் வழியே வந்தவை. காட்சி இனித்தான் வரவேண்டியிருந்தது.

அது 1896ஆம் ஆண்டு ஆடி மாதத்தையொட்டி வந்தது. வீட்டு மாடியில் அவர் தனியே இருந்தார். வயது பதினாறு. உடம்பில் நோய் எதுவும் இல்லை. ஆயினும், இதோ சாகப்போகின்றேன் என்னும் பேரச்சம் திடீரென்று பற்றிக்கொண்டது. இத்தகைய வேளையில் எவரும் செய்யக்கூடியது அலறுதல். அல்லது வைத்தியரையோ வீட்டுப் பெரியோரையோ அழைத்தல். அவர் அவ்வாறு செய்யவில்லை. சாவு என்பது என்ன, சாவது எது என்று பார்த்துவிடுவது என்று துணிந்தார். தரையிற் படுத்தார். கைகால்களைப் பிணம்போல் விறைக்க வைத்தார். மூச்சை அடக்கினார். உதடுகளை இறுக மூடினார். இனி இவ்வுடலை எடுத்துச் சென்று சுட்டுச் சாம்பலாக்குவர். அதனோடு 'நான்' என்பதும் அழிந்துபோகுமா என்று உள்நோக்கிப் பார்த்தார். உடல் சவமாய்க் கிடக்கவும், அதைச் சவம் என்று அறிந்துகொண்டிருக்கும் ஒன்று உள்ளே விளங்குவதைக் கண்டார். அதனைக் கருதி அறியவில்லை. நேரே கண்டார் என்பதே அவர் பிற்காலத்தில் வற்புறுத்திய செய்தி. அச்சம் அன்றே நீங்கியது. பின்னர் அது திரும்பவேயில்லை.

இங்கே வரலாற்றை ஆராய்வோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இந்நிகழ்ச்சி நடந்தபோது பக்கத்தில் எவரும் இல்லை. இதனை விரிவாக உலகுக்குத் தெரிவித்தது, நரசிம்மசுவாமி 1931இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு. அது மகரிஷியுடன் பல நாள் உரையாடி எழுதிய நூல். எனினும் அதிலுள்ள சொற்கள் அவர் வாய்ச்சொற்கள் அப்படியே அல்ல. நூலாசிரியர் தம் நடையிற் கோத்தவை. ஆகவே சொல்லுக்குச் சொல் சான்றாக அதனைக் கொள்ளுதல் தகாது. ஆயின் நிகழ்ச்சிக்குப் பின் அச்சிறுவனிடம் உண்டான மாறுதலை வீட்டாரும் தோழரும் கண்ணாற் கண்டனர். சண்டைக்கு முந்துபவர் சாந்தமானார். உணவில் இது வேண்டும், அது வேண்டாம் என்பது போயிற்று. மாலைதோறும் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய் மூர்த்திகளின் முன்னும் அறுபத்துமூவர் முன்னும் கண்ணீர் வடித்து நின்றார்.

அந்த ஆண்டு ஆகஸ்டு 29ஆம் திகதி நடந்தது யாவரும் அறிந்தது. ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதி வரும்படி ஆசிரியர் தண்டனை விதித்திருந்தார். இருமுறை எழுதியதும் கை ஓய்ந்தது. தாள்களைத் தள்ளிவிட்டுக் கண்மூடி இருந்தார். இப்படி இருப்பவனுக்கு இந்தப் பாடமெல்லாம் எதற்கு என்று தமையன் கடிந்துகொண்டார். கடிந்தவர் அறியாமலே அச்சொல் உண்மையாய்ப் பட்டது. தமையன் கல்லூரிச் சம்பளத்துக்கென்று எடுத்துக்கொள்ளச் சொன்ன ஐந்து ரூபாவில் மூன்றை மட்டும் எடுத்து, இரண்டை ஒரு சிறு கடிதத்துடன் வைத்துவிட்டு வேங்கடராமன் புறப்பட்டார். கையிலிருந்த பணம் வழியில் தீர்ந்தது. ஒரு பகுதி நடந்தார். கீழூரில் காதிற் கிடந்த கடுக்கனை நான்கு ரூபாவுக்கு அடகு வைத்தார். செப்டெம்பர் முதலாம் திகதி காலை திருவண்ணாமலையை அடைந்து நேரே கோயிலுட் புகுந்தார். மிஞ்சிய காசைக் குளத்தில் எறிந்தார், பூணூலைக் கழற்றினார், தலையை மழித்தார். அன்று தொடங்கி 1950வரை அம்மலையடியை விட்டு அவர் நீங்கியதில்லை.

கோயிலின் ஆயிரக்கால் மண்டபத்திலும் பின் பாதாள லிங்கக் குகையிலும் அவர் இருந்த நிலையைச் சொன்னால் உள்ளம் நடுங்கும். வெளிச்சம் புகாத ஈரத் தரை. பூச்சிகள் கடித்துத் தொடையிற் புண் வைத்தது. வெளியே ஊர்ச் சிறுவர் கல்லெறிந்தனர். சேஷாத்திரி சுவாமிகள் தம்மால் இயன்றவரை காத்தார். அடியார் சிலர் தூக்கி வெளியே கொணர்ந்தபோதும் அவர் கண் திறக்கவில்லை. அவர் பேசாதது நோன்பு அன்று. பேசுவதில்லை என்று தாம் உறுதி பூண்டதில்லை என்றும், பேச வேண்டும் என்ற எண்ணம் எழவில்லை என்றும் அவரே பின்பு கூறியிருக்கின்றார். உதட்டை மூடிக்கொண்டு மனத்தை ஓடவிடுதல் மௌனம் அன்று என்பது அவர் கொள்கை.

இந்த மௌனம் ஒரு தாயின் முன்னே சோதனைக்கு வந்தது. மகன் திருவண்ணாமலையில் இருக்கின்றான் என்ற செய்தி வீட்டாருக்கு எட்ட ஏறக்குறைய ஈராண்டு சென்றது. சிறிய தந்தையார் ஒருவர் வந்து வெறுங்கையோடு திரும்பினார். 1898ஆம் ஆண்டு டிசம்பரில் அழகம்மையே மூத்த மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பவழக்குன்றில் ஒரு பாறையின்மேல் அழுக்குத் துணியும் சடைத்த தலையுமாய் இருந்தவரைத் தம் பிள்ளை என்று கண்டுகொண்டார். நாள்தோறும் பண்டம் செய்து கொணர்ந்தார், கெஞ்சினார், அழுதார். மகன் அசையவில்லை. ஒருநாள் அவர் கதறியதைக் காணப் பொறாத அடியார் ஒருவர், வாய் திறக்க வேண்டாம், எழுதியாவது காட்டுங்கள் என்று காகிதமும் பென்சிலும் நீட்டினார். அவரவர் வினைக்கேற்ப ஆட்டுவிப்பவன் ஒருவன் உளன். நடக்க இருப்பது தடுத்தாலும் நடக்கும், நடவாதது முயன்றாலும் நடவாது. ஆதலின் அமைதியாய் இருத்தலே நன்று என்னும் கருத்துப்பட அவர் எழுதினார். அதில் அம்மா என்ற விளியும் இல்லை. நான் என்ற சொல்லும் இல்லை. பெற்றவள் அதை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினாள்.

இக்காட்சியைக் கல்நெஞ்சின் செயல் என்று குறை கூறுவோர் அன்றும் இருந்தனர். அக்குறையை எளிதில் தள்ளிவிடுதல் கூடாது. உண்மையைக் கண்டவன் தாயின் கண்ணீரைக் காணவில்லையா என்பது நேர்மையான கேள்வியே. அதற்கு விடை அன்று கிடைக்கவில்லை. இருபத்துமூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இதனிடையே ஒரு புதுமை நிகழ்ந்தது. பழனிசுவாமி என்னும் தொண்டர் அவருக்குப் பணிவிடை செய்துவந்தார். மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அவர், தமிழிலுள்ள வேதாந்த நூல்களை எழுத்துக்கூட்டிப் படிக்கப் பெரிதும் இடர்ப்பட்டார். அவர்மேல் இரங்கி இளந்துறவி அந்நூல்களை வாங்கிப் படித்துப் பொருள் எடுத்துக் கொடுத்தார். அப்போதுதான், தாம் மதுரையில் கண்டதற்கு அறிஞர் பெயரிட்டும் வகுத்தும் வைத்திருக்கின்றனர் என்பது அவருக்குத் தெரியவந்தது. பொதுவாக மாணவன் முதலில் படத்தைப் பார்த்துப் பின்பு ஊருக்குச் செல்லுவான். இவரோ ஊரில் வாழ்ந்துவிட்டுப் படத்தைப் பார்த்தவர். அதனால் படத்திலுள்ள கோடுகள் எவை, உண்மையான தெருக்கள் எவை என்று அவருக்கு மயக்கம் நேரவில்லை.

1902ஆம் ஆண்டளவில் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் விரூபாட்சக் குகைக்கு வந்தார். தத்துவ நூல் பயின்ற பட்டதாரி. தென்னார்க்காட்டு மாவட்ட அலுவலகத்தில் வருவாய்த்துறை ஊழியர். அவருடைய முதல் வினா, நான் யார் என்பதே. குகையில் இருந்தவர் பேசாத காலம் அது. விரலால் மணலில் எழுதினார், தரையில் எழுதினார், சிலேட்டுப் பலகையில் எழுதினார். எழுதியது கையால் துடைக்கப்பட்டு, அடுத்த விடை அவ்விடத்திலேயே எழுதப்பட்டது. வந்தவர் அவற்றை நினைவில் இருத்திப் பின் ஏட்டிற் குறித்துக்கொண்டார். இருபது ஆண்டுகளுக்குப்பின், 1923இல், அவை 'நான் யார்?' என்னும் சிறு நூலாய் அச்சேறின. இன்று பல மொழிகளில் வழங்கும் அந்நூல் மணலில் எழுந்தது என்பதை எண்ணும்போது, எழுத்துக்கு அங்கே அளிக்கப்பட்ட இடம் விளங்கும். எழுத்து வேண்டியதே, ஆயினும் துடைக்கப்படுவதற்கும் உரியது. அவ்விடைகளின் சாரமும் இதுவே: எந்த எண்ணம் எழுந்தாலும், இது யாருக்கு எழுந்தது என்று நோக்கி, அந்த 'நான்' பிறக்கும் இடத்தைக் காண்க என்பது. வாயால் 'நான் யார், நான் யார்' என்று உருப்போடுதல் அன்று அது. பார்த்தல் ஒன்றே அதன் தொழில்.

1907ஆம் ஆண்டு நவம்பர் மாதம் காவ்யகண்ட கணபதி சாஸ்திரி மலையேறி வந்தார். வடமொழியில் நினைத்தவுடன் கவி பாடும் வல்லமை வாய்ந்த பெரும்புலவர். மந்திர நூல்களைக் கரைகண்டவர். பல்லாண்டு செபம் செய்தவர். இவ்வளவும் செய்தும் தவம் என்பது யாது என்று தமக்குத் தெரியவில்லை என்று அடிபணிந்து கேட்டார். சொற்கடலை நீந்தியவர் ஒருவர், பள்ளிப் படிப்பையும் முடிக்காத இளைஞரிடம் வந்து நின்ற அவ்வேளை, சனகாதியர் கதையை நினைவூட்டுகின்றது. 'நான்' என்பது எங்கிருந்து எழுகின்றதோ, மந்திரத்தின் ஒலி எங்கிருந்து எழுகின்றதோ, அவ்விடத்தில் மனம் ஒடுங்குவதே தவம் என்பது கிடைத்த விடை. வேங்கடராமன் என்னும் பெயரைச் சுருக்கி 'பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி' என்று வழங்கச் செய்தவர் இச்சாஸ்திரியாரே.

மௌனத்தின் வலிமையைப் பற்றிக் கேட்போருக்கு மகரிஷி ஒரு பழங்கதை சொல்லுவதுண்டு. தத்துவராயர் என்னும் புலவர் தம் குருவாகிய சொரூபானந்தர்மீது பரணி பாடினார். ஆயிரம் யானைகளைப் போரில் வென்ற வீரன்மேல் அன்றோ பரணி பாடுதல் மரபு; பேசாமல் இருக்கும் துறவிமேல் எப்படிப் பாடலாம் என்று பண்டிதர்கள் குறை கூறினர். குருவிடமே வந்து கேளுங்கள் என்று தத்துவராயர் அவர்களை அழைத்துச் சென்றார். சொரூபானந்தர் ஒன்றும் சொல்லாதிருந்தார். வந்தவர்களும் வாதம் மறந்து, நினைவு மறந்து, நாட்கணக்காய் அங்கேயே இருந்துவிட்டனர். அவர் மனத்தைச் சிறிது அசைத்தபின்னரே அவர்கள் தன்னிலைக்கு வந்தனர். மதம்கொண்ட யானை ஆயிரத்தை அடக்குவதிலும் இத்தனை பேர் அகங்காரத்தை ஒருங்கே அடக்குவது அரிது. பரணி பாடியது தகும் என்று ஒப்பிச் சென்றனராம்.

இனி அந்தத் தாயின் கதை. அழகம்மை 1916இல் மகனிடமே வந்து சேர்ந்தார். இம்முறை அழைத்துப்போக அன்று, உடன் இருக்க. கந்தாசிரமத்தில் அடியார்களுக்குச் சமையல் செய்தார். ஆசாரம் மிகுந்த அவ்வம்மையாரின் பழக்கங்களை மகன் கேலியாகவும் கனிவாகவும் சிறிது சிறிதாகக் கரைத்தார். 1922ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் திகதி அன்னைக்கு இறுதி நெருங்கியது. காலை முதல் இரவுவரை மகன் அருகே அமர்ந்து, ஒரு கையை அன்னையின் தலைமேலும் மற்றொரு கையை மார்பின்மேலும் வைத்தபடி இருந்தார். உணவு கொள்ளவில்லை, உபதேசம் எதுவும் சொல்லவில்லை. பதினாறாம் வயதில் தம் சாவைத் தனியே இருந்து பார்த்தவர், தாயின் சாவைத் தனியே விடவில்லை. 1898இல் எழுதிக் கொடுத்த தாளுக்கு இல்லாத சூடு இந்தக் கைகளுக்கு இருந்தது. அன்று கேட்கப்பட்ட கேள்விக்கு இதுவே விடை எனலாம். மலையடிவாரத்தில் அன்னையை அடக்கம் செய்த இடத்திலேயே, அந்த ஆண்டின் இறுதியில் மகரிஷி வந்து தங்க, இரமணாசிரமம் எழுந்தது.

அங்கே கல்வி நடந்த முறை வேறானது. அட்டவணை இல்லை, பிரசங்க மேடை இல்லை. விடியுமுன் சமையற்கட்டில் மகரிஷி காய் நறுக்குவார், சட்னி அரைப்பார். தரையிற் சிந்திய அரிசியை ஒவ்வொன்றாய்ப் பொறுக்குவார். அச்சுத் தாள்களைத் திருத்துவார்; பழைய புத்தகங்களுக்குக் கட்டமைப்பார். பசுவுக்கும் குரங்குக்கும் அணிலுக்கும் உரிய மதிப்பு அளிப்பார். வந்தவர்கள் பார்த்துக் கற்றனர். 1931இல் போல் பிரண்டன் என்னும் ஆங்கில எழுத்தாளர் கேள்விகளை வரிசைப்படுத்திக்கொண்டு வந்தார். மகரிஷியின் முன்னே நெடுநேரம் பேச்சின்றி இருந்தபோது, கேட்கவேண்டும் என்ற வேகமே தம்மிடம் தணிந்துவிட்டதை உணர்ந்தார். அவர் 1934இல் வெளியிட்ட நூல் மேல்நாட்டாரைத் திருவண்ணாமலை நோக்கி வரச் செய்தது.

ஆயின் மகரிஷி சொல்லை வெறுத்தவர் என்று கருதுதல் பிழையாகும். முருகனார் வேண்டுகோளால் 1927இல் 'உபதேச உந்தியார்', 1928இல் 'உள்ளது நாற்பது' ஆகிய நூல்களைச் செந்தமிழிற் பாடினார். தாமே எழுத வேண்டும் என்று எழுதியவை மிகச் சில. பிறர் வேண்டியதால் எழுதியவையே பல. விளக்கு ஏற்றும் குச்சி போன்றது சொல் என்பதே அவர் வாழ்க்கை காட்டும் உண்மை. குச்சி இன்றி விளக்கு ஏறாது. விளக்கு ஏறியபின் குச்சியைப் பிடித்துக்கொண்டிருத்தல் வேண்டா.

காட்சியால் வந்த அறிவு கடைசிவரை நிற்குமா என்பதற்கு ஒரே சோதனை சாவு. 1949இல் அவருடைய இடக்கையிற் கட்டி ஒன்று வளர்ந்தது. நான்கு முறை அறுவை செய்தும் அது திரும்பத் திரும்ப எழுந்தது. வலி இல்லை என்று அவர் பொய் சொல்லவில்லை. உடலுக்கு வலி உண்டு என்று ஒப்பினார். ஆயினும் தம்மைக் காண வந்தோரைத் தடுக்க வேண்டாம் என்றார். 1950ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 14ஆம் திகதி இரவு, அடியார் வெளியே பாடிக்கொண்டிருக்க, அவர் மூச்சு அமைதியாய் அடங்கியது. ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்குமுன் மதுரை மாடியிற் பார்த்ததை இரண்டாம் முறை பார்க்கவேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

இவ்வழி திருவண்ணாமலைக்கு மட்டும் உரியது அன்று. நல்லூர்த் தேரடியிற் பித்தர்போல் திரிந்த செல்லப்பா சுவாமிகளும், அவர் வழிவந்து 1964இல் சமாதியடைந்த கொழும்புத்துறை யோகர் சுவாமிகளும் மிகச் சில சொற்களாலும் மிகப் பல மௌனத்தாலும் மாணாக்கரை ஆக்கியவரே. அவர்கள் எல்லோரும் உணர்த்துவது ஒன்று. பேசாதிருப்பவர் யாவரும் ஞானிகள் அல்லர். போலி மௌனம் போலிச் சொல்லினும் கேடு விளைப்பது. மெய்யான மௌனத்துக்கு அடையாளம், அதன் அருகே இருந்தவர் அச்சம் குறைந்து எழுதலும், அருகே துன்புறுபவரின் தலைமேல் ஒரு கை வைக்கப்படுதலுமே. மணலில் எழுதிய எழுத்தைக் காற்றுக் கொண்டுபோயிற்று. அதனைப் பார்த்தவர் கண் மட்டும் நின்றது.